புதுப்பிப்பு: கைபேசி ஹாட்ஸ்பாட் பழைய டேப்லெட்டில் தெரியாத சிக்கல் தீர்ந்தது

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. சிம் போட இடமில்லாத அம்மாவின் பழைய டேப்லெட்டைப் பயணத்தில் இணையத்துடன் எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோவில் தீமிதிக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கிளம்பினோம். என் கைபேசியின் ஹாட்ஸ்பாட் (கைபேசி டேட்டாவை வைஃபையாகப் பிற கருவிகளுக்குப் பகிரும் வசதி) தம்பியின் கைபேசியில் உடனே தெரிந்தது. டேப்லெட்டில் மட்டும் தெரியவே இல்லை. கைகொடுத்தது, அலைவரிசையை மாற்றச் சொன்னவரின் யோசனைதான். ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. பழைய டேப்லெட்டுக்கு 2.4 மட்டுமே எட்டும். கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றினேன். சில நொடிகளில் பெயர் வந்து நின்றது! சிம் போட்டு வைஃபை தரும் கையடக்க ரௌட்டர் தேவைப்படவில்லை. அதற்கென்று இன்னொரு சிம் வாங்கி, அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் காட்டி ரீக்கா சட்டப்படி அந்தச் சிம்மை நம் பெயரில் பதிவு செய்யும் அலைச்சலும் மிச்சம்.

எதிர்பாராதது ஒன்று உண்டு, கவனியுங்கள். ஹாட்ஸ்பாட்டைச் சாதாரண வைஃபை என்று எடுத்துக்கொண்ட டேப்லெட், செயலிகளையெல்லாம் புதுப்பிக்கத் தொடங்கி, வழியிலேயே ஒரு ஜிபி டேட்டாவைத் தீர்த்துவிட்டது. டேப்லெட்டின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்று குறித்த பிறகே அது நின்றது.

மீதி டேட்டாவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கால் முறிந்து படுத்திருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா பூக்குழியை நேரலையாகக் காட்டினார். திரையில் பெரியம்மா கைகூப்பியபடியே இருந்தார்.