புதுப்பிப்பு: இரணைமடுக் குறிப்பைத் திருத்தியபோது

கிளிநொச்சியின் பாசனக் குளமான இரணைமடுவைப் பற்றிய குறிப்பை எழுதிய இரவிலேயே பகிர்ந்துவிட்டு அவதிப்பட்டதைச் சென்ற மாதம் இங்கு எழுதியிருந்தேன். ஒரு வாரம் ஆறப்போடும்படி பலர் சொன்னீர்கள். ஆறப்போட்டேன்.

எட்டாம் நாள் அதைத் தாளில் அச்சிட்டு, கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் பெரியப்பாவுக்கு உரக்க வாசித்தபோது, இரணைமடுவுக்குப் பாலியாறு நீர் தருவதாக எழுதியிருந்த இரண்டாம் பந்தியிலேயே அவர் கையை உயர்த்தி, “தம்பி, பாலியாறு வவுனிக்குளத்துக்கெல்லோ போகுது?” என்றார். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு என்பது இங்கு வயல் செய்யும் எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆயினும் அவசரத்தில் கை எழுதிய பிழையைக் கண் மூன்று முறை கடந்து போயிருந்தது. (திரையில் நான் வாசிப்பது எழுதியதையல்ல, எழுத நினைத்ததைத்தான் போலும்.)

‘குளம் வான் பாய்ந்தது’ (நிரம்பித் தானாக வழிந்தது) என்றிருந்ததை, அன்று நான் நேரில் கண்டபடி, ‘வான்கதவுகள் திறக்கப்பட்டன’ என்று மாற்றினேன். ‘எழில் கொஞ்சும்’ என்பதை வெட்டியபோது மட்டும் மனம் சற்று வலித்தது.

திருத்திய படி இப்போது முள்ளியவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருக்கிறது. சிறுபோக நெல் வெட்டு முடிந்த பிறகே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.