6 வயதுப் பையனுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தருவது (பெங்களூர்): எங்கே தொடங்குவது?

விவேக்நகர்வாசி:
வீட்டில் தமிழ் பேசுகிறான், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். அ, ஆ வரிசையைப் பாட்டாக ஒப்பிக்கிறான். ஆனால் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் முழிக்கிறான். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டுமா? தினமும் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. மூன்றாவது மொழியின் எழுத்தும் சேர்ந்தால் பாரமாகிவிடுமோ?

சிலேட்டுக்குச்சி:
247ஐ நினைத்து மலைக்காதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216ம் இவை கூடிப் பிறப்பவைதான். வரிசையை ஒப்பிப்பது வேறு, வாசிப்பு வேறு.

ப, ட, ம, க, ர, ல ஆகிய ஆறையும் அவற்றின் புள்ளி எழுத்துகளையும் எடுங்கள். படம், மரம், பல், கல், கடல், பகல், பட்டம், பக்கம் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு எழுத்து போதும். அட்டையில் எழுதி நீங்கள் அடுக்க, அவன் படிக்கட்டும். பிறகு நீங்கள் சொல்ல, அவன் அடுக்கட்டும். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டுவது பிடிபடுவதே அதில்தான்.

பலன் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தெரியும். ஆங்கிலத்தில் கூட்டி முடித்தாலும் பாதிச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. தமிழில் 'க-ட-ல்' என்று கூட்டியதும் அது அவன் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல். அந்த நிமிடம் முகம் மாறும், அதன்பின் நீங்கள் துரத்த வேண்டாம்.

அடுத்து துணைக்கால் (பால், மாமா, காகம்), பிறகு கொக்கி (கி, மி). உகரம் அப்புறம். சு, பு, வு ஒரு சாடை. கு, டு, மு இன்னொன்று. து, நு, லு வேறு. கூட்டம் கூட்டமாகத்தான் தர வேண்டும். 'கூ' எதிலும் சேராத தனிக்கட்டை. ஔ வரிசைக்கு அவசரமே இல்லை.

இரட்டைக்கொம்பு:
கன்னடம் பாரமில்லை, பாதி வேலையை அதுவே முடித்துவைக்கும். ள, ண இரண்டும் அங்கே உண்டு, காது பழகியிருக்கும். ழ மட்டும் இன்றைய கன்னடத்தில் இல்லை.

இடறுவது க-வில். கன்னடத்தில் அந்த வரிசைக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்றே. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் அழுத்தம் (கல், பக்கம்); ங்-குப் பின்னாலும், தனியாக நடுவிலும் இளகும் (தங்கம், பகல்). இந்த விதியை அவனிடம் சொல்லாதீர்கள். தெரிந்த சொல்லாகவே கொடுத்தால் வாய் தானே திருத்திக்கொள்ளும்.

அடுத்தது புள்ளி. கன்னடத்தில் இரண்டாவது மெய் 'ஒத்து' என்ற சிறு வடிவமாகக் கீழே தொங்கும். நமக்கு வெறும் புள்ளி, கண்ணில் படாது. 'பல்'லை 'பல' என்பான். புள்ளியைச் சிவப்பு மையில் வையுங்கள். பல/பல், கல/கல் என்று ஜோடியாகக் கொடுங்கள்.

கொம்பு இடப்பக்கம் நின்றாலும் ஒலி பின்னால்தான் வரும். ஆகவே 'கெ'யை ஒரே அட்டையில் எழுதுங்கள். கொம்பைத் தனி அட்டையாக வெட்டினால் 'எ-க' என்று படிப்பான்.

ஏரிக்கரை:
எழுத்து முடிந்ததும் இன்னொரு சுவர் இருக்கிறது, யாரும் எச்சரிப்பதில்லை. 'வந்துச்சு' என்று பேசுபவனுக்குப் புத்தகத்தில் 'வந்தது', 'பாக்குறான்' என்பவனுக்குப் 'பார்க்கிறான்'. எழுத்து தெரிந்தும் திணறுவது இதனால்தான். இன்றிலிருந்தே ராத்திரி ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, பேச்சுக்கு மாற்றாமல், படித்துக் காட்டுங்கள்.

நம்ம ஊர் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். சில மொழிபெயர்ப்புகள் கரடுமுரடு. முதலில் நீங்கள் சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் அந்தக் கதை வேண்டாம்.

தப்பாக வாசித்தால் உடனே பாயாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பெரும்பாலும் அவனே திரும்பிப் போய்ப் பார்ப்பான்.

சிலேட்டுக்குச்சி:
ஏரிக்கரை சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். முதல் இரண்டு மாதம் அவன் பேசுவதையே எழுதிக் கொடுக்கலாம்: 'எனக்கு தோசை வேணும்' என்று ஒரு சீட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில். இலக்கணம் ஓடிப்போகாது.

இரட்டைக்கொம்பு:
அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்திலோ தாத்தா பெட்டியிலோ பழைய புத்தகம் எடுத்தால் அச்சடித்த ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தியவற்றில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும், ணா, றா, னாவும் வேறு உருவம். முதல் வருடம் அவை வேண்டாம்.