தொழில்நுட்பமும் நம் வாழ்க்கையும்: தமிழில் உரையாற்ற ஆள் தேடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், தொழில்நுட்பம் சமூகத்தை எப்படி மாற்றுகிறது என்று தமிழிலேயே பொது உரைகள் நடத்த விரும்புகிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. நம் பெரியவர்கள்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

முதல் உரைக்கு டிரேஸ்டுகெதர் பொருத்தம் என்பது என் எண்ணம். 2020இல் கோவிட் தொடர்புகளைத் தடமறிய வந்த செயலி. அந்தத் தகவலைக் காவல்துறை குற்ற விசாரணைக்கும் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டதும் பலர் கேள்வி எழுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்து, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. கருவி, நம்பிக்கை, சட்டம் மூன்றும் மோதிக்கொண்ட இடம் இது. நிதானமாகப் பேச வேண்டியது.

அடுத்தது சிடிசி பற்றுச்சீட்டு, அதாவது உணவங்காடியிலும் கடைகளிலும் செலவிட அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் மின்னிலக்கப் பற்றுச்சீட்டு. உணவங்காடியில் ஒரு பாட்டி கைத்தொலைபேசியை மீ கோரெங் கடைக்காரரிடம் நீட்டி, "ரெண்டு வெள்ளி, நீங்களே அழுத்துங்க தம்பி" என்றார். அந்தப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவர் வேண்டும்.

சட்டமோ கணினியோ தெரிந்த, எளிய தமிழில் பேசக்கூடிய யாரையாவது தெரியுமா? முக்கால் மணி நேரம் உரை, அப்புறம் கேள்வி பதில். தேசிய நூலகத்திலோ உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்திலோ நிகழ்ச்சி நடத்தியவர்கள், எந்தக் கிழமை, எந்த நேரம் வைத்தால் பெரியவர்கள் வருவார்கள் என்றும் சொல்லுங்கள்.