கடை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தவர்கள் யாராவது உண்டா? மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்

லிந்தாங் சாலை மளிகை:

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கடைக்குள் மட்டுமல்ல, கடை முன் நடைபாதை அஞ்சடியிலும் கூட்டம். ஆறு மணிக்கு இரண்டு கல்லாவும் ஒன்றாக உறைந்துவிட்டன. கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பில் பிரிண்டர் அசையவில்லை. ரௌட்டரில் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் லைனில் கோளாறு இல்லை என்கிறார்கள்.

ஈப்போ கம்பெனி ஒன்றுக்கு மாதாமாதம் கட்டி வருகிறேன். முன்பு பார்த்துக்கொண்டிருந்த தம்பி சிங்கப்பூருக்குப் போனதும் அவர்களிடம் கொடுத்ததுதான். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எட்டு மணிக்கு மேல் ஒரு சீனப் பையன் மோட்டாரில் வந்தான். லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. அரிசி மூட்டைகளுக்கு மேலே, நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். அதன் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு கேபிளைப் பிடுங்கினான். கல்லா வேலை செய்ய ஆரம்பித்தது.

நடந்தது இவ்வளவுதான். கூட்டிப் பெருக்கிய புதுப் பையன், தொங்கிய கேபிள் முனையைக் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறான். மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்திருக்கிறது. தகவல் வெளியே போக வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது.

என்னை இன்னும் அரிப்பது அதுவல்ல. “இவ்வளவு காசு வாங்குகிறீர்களே, உங்கள் ஸ்கிரீனில் இது தெரியாதா தம்பி?” என்று கேட்டேன். “தெரியும் பாஸ். ஆறு மணிக்கே அலர்ட் வந்தது. ஆபீஸ் ஐந்தரைக்கு மூடிவிடும்” என்றான். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. என் கடை இரவு பத்து மணி வரை. இப்படி யாருக்காவது நடந்ததுண்டா?

கிளினிக் கவுன்டர்:

உங்களுக்காவது ஆள் வந்தான் அண்ணே.

எங்கள் டாக்டர் கம்பெனியை மாற்றலாம் என்று முடிவு செய்தார். புதிய ஆள் வந்து ரௌட்டர் பாஸ்வேர்டு கேட்டான். எங்களிடம் இல்லை, பழைய கம்பெனியிடம்தான் இருக்கிறது. மின்னஞ்சலின் அட்மின் கணக்கும் அவர்களிடம். சரி, கேட்டு வாங்கலாம் என்று டாக்டர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். வெளியே நோயாளிகள் வரிசை, எல்லோருக்கும் கேட்கிறது. அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையான குரல்: “டாக்டர், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த டொமைன் பெயர் எங்கள் கம்பெனி பெயரில்தான் பதிவாகி இருக்கிறது. நோட்டீஸ் காலத்துப் பணத்தைக் கட்டிவிடுங்கள், அப்புறம் பேசலாம்.”

லேப் ரிசல்ட் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கட்டிவிட்டார், வேறு என்ன செய்வது.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அவர்கள் பில்லில் ‘டொமைன் புதுப்பிப்பு’ என்று ஒரு வரி இருக்கும். வவுச்சர் எழுதியது நான். பணம் கட்டியது கிளினிக். பெயர் மட்டும் அவர்களுடையது.

ஈப்போ கேபிள் பையன்:

நான் இந்த மாதிரி ஒரு கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். (மளிகை அண்ணன் சொல்லும் கம்பெனி இல்லை, அடிக்க வராதீர்கள்.)

என் கதை சின்னது. ஒரு ஹார்டுவேர் கடையைப் புதிதாக எடுத்தோம். முதலாளி பெருமையாக பேக்கப் டிஸ்க்கைக் காட்டினார். நீல விளக்கு மினுக் மினுக் என்று எரிகிறது. திறந்து பார்த்தேன், கடைசிக் கோப்பின் தேதி போன வருட நோன்புப் பெருநாளுக்கு முந்தியது. டிஸ்க் நிறைந்துபோய் எழுதுவதையே நிறுத்தியிருக்கிறது. “விளக்கு எரிகிறதே தம்பி” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

இப்போது அண்ணனுக்கு. நீங்கள் கோபப்படுவது நியாயம்தான், ஆனால் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பார்ப்பார்கள் என்று கட்டாயம் எழுதியிருக்கும். ராத்திரியும் ஞாயிறும் கண்காணிக்க ஆள் வைத்தால் சம்பளம் யார் கொடுப்பது? அதற்கு வேறு விலை. இன்னொன்று, ‘நான்கு மணி நேரத்தில்’ என்று எழுதியிருந்தால் அது வேலையைத் தொடங்கும் நேரமா, முடிக்கும் நேரமா என்று பாருங்கள். முக்கால்வாசி ஒப்பந்தங்களில் தொடங்கும் நேரம்தான்.

மாதக் காசுக்கு என்ன செய்கிறார்கள் என்று பலருக்குத் தெரியவில்லை. உங்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சின்ன மென்பொருள் ஒன்றைப் போட்டுவிடுவோம். டிஸ்க் நிறைகிறதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, விண்டோஸ் அப்டேட் ஏறியதா என்று அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்தே உள்ளே வந்து சரி செய்யவும் முடியும். ஆள் நேரில் வராததால் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் அதே மென்பொருள் உங்கள் கடை முழுவதற்கும் சாவி. எங்களிடம் யாராவது புகுந்தால் உங்களிடமும் புகுந்த மாதிரிதான். அதனால் அவர்கள் இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணும், வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியது இன்னும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. கல்லாக் கம்ப்யூட்டர் இன்னும் அதில் ஓடுகிறதா? ஓடினால் மாத அறிக்கையில் சொல்கிறார்களா? சிசிடிவி பெட்டியும் கல்லாவும் ஒரே நெட்வொர்க்கிலா? கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போவார்கள், அதை யாரும் மூடுவதில்லை. பேக்கப்பை எப்போது கடைசியாகத் திரும்ப எடுத்துச் சோதித்தார்கள்? எடுப்பது சுலபம், திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கடைக்கு வெளியே. இது பழைய கணக்குதான், ஆனால் இன்னும் பாதிப் பேர் செய்வதில்லை.

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிக் கேபிள் வளையமாகிவிட்டால் அந்த ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும் சுவிட்ச்கள் உண்டு. உங்களுடையது மலிவான ரகம் போலிருக்கிறது.

லிந்தாங் சாலை மளிகை:

தம்பி, அந்த மலிவான ரகத்தை விற்றதும் அதே கம்பெனிதான். நான் கடையில் போய்ப் பொறுக்கி எடுக்கவில்லை.

கடை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கையெழுத்துப் போடும் முன் அவர்கள் ஒரு தடவை கேட்டிருக்கலாம். மளிகைக் கடை ஐந்தரைக்கு மூடும் என்று நினைத்தார்களா? ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறீர்கள், பன்னிரண்டு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

ரேம்ப் கிராணி:

இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் செம்பனைக் குலை வாங்கும் ரேம்பில் கணக்குப் பார்க்கிறேன். எடைப் பாலத்துக் கம்ப்யூட்டரும் கணக்குக் கம்ப்யூட்டரும் ஒரே அறையில்.

காலையில் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் வாலிலும் ஏதோ எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பிட்காயினில் பணம் கேட்டு. வெளியே லோரிகள் பிரதான சாலை வரை நிற்கின்றன. வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், மில்லில் தரம் குறைப்பார்கள். டிரைவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்.

நல்ல வேளை, எடைப் பாலத்தின் எண் காட்டும் பெட்டி கம்ப்யூட்டரை நம்பி இல்லை. எடை தெரிந்தது, பில்தான் வரவில்லை. எங்கள் பழைய பெரிய கிராணி, ஓய்வு பெற்றவர், பக்கத்துக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அலமாரியிலிருந்து பழைய சிட்டை ஒன்றை உருவி, கார்பன் தாளை வைத்து, லோரி எண், மொத்த எடை, காலி எடை, கழிவு என்று எழுத ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது. எங்கள் முதலாளி, தவுக்கே, அவர் பக்கத்தில் நின்று தேத்தண்ணி கலக்கிக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

எப்படிப் புகுந்தார்கள்? எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், தன் வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்திருக்கிறார். பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-உம். இது எனக்குத் தெரிந்தது பிறகு வந்த வேறு ஆள் சொல்லித்தான். முதல் ஆள் என்ன செய்தார் தெரியுமா? அன்று சாயங்காலமே வந்து, “சுத்தமாக்கிவிடுகிறேன்” என்று கம்ப்யூட்டரில் வேறு டிஸ்க்கை மாட்டிப் புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டார். பழைய டிஸ்க்கைக் கேட்டேன். எறிந்துவிட்டேன் என்றார். கேட்ட வேகத்திலேயே பதில் வந்ததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

சீனி மிட்டாய்க் கடை:

இதற்கெல்லாம் கம்பெனி எதற்கு? என் மருமகன் பார்த்துக்கொள்கிறான். ஒரு சாப்பாடு போட்டால் போதும். மாதம் சில நூறு வெள்ளியைத் தண்ணீரில் போடுகிறீர்கள்.

கிளினிக் கவுன்டர்:

மருமகனிடம் பாஸ்வேர்டு இருக்கிறதா, உங்களிடம் இருக்கிறதா ஐயா? சண்டை வந்தால் டொமைனை விடக் கஷ்டம்.

ஈப்போ கேபிள் பையன்:

ரேம்ப் அண்ணே, அந்த டிஸ்க்கை எறிந்திருக்கவே கூடாது. இப்படி நடந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும், அடுத்து யாரையும் தொடவிடக் கூடாது. எந்த வழியாக வந்தார்கள் என்ற தடயம் அதற்குள்தான் இருக்கும். இப்படிக் கோப்பைப் பூட்டும் வைரஸ்களில் சில வகைகளுக்குச் சாவி பின்னாளில் இலவசமாக வெளியாகும், பூட்டிய கோப்பு கையில் இருந்தால் அப்போது திறக்கலாம். இணையப் பாதுகாப்புப் புகார்களைக் கேட்கும் சைபர்999-க்கு எழுதலாம், அரசாங்கம்தான் நடத்துகிறது. சிறு கடை என்று ஒதுக்க மாட்டார்கள்.

சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. 2010-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2025 ஜூன் 1 முதல், வாடிக்கையாளர் தகவல் கசிந்து அவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியது நெட்வொர்க் பார்க்கும் கம்பெனி இல்லை, கடைக்காரர். வேலையை வெளியே கொடுக்கலாம், இந்தப் பொறுப்பு வெளியே போகாது. அதே சமயம் 2025 ஏப்ரல் 1 முதல் தகவலைக் கையாளும் கம்பெனிக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக உண்டு, ஆகவே “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று அவர்களும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் சம்பவம் நடந்தால் எவ்வளவு நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதித்துச் சொன்னால் உங்கள் 72 மணியில் எவ்வளவு மிச்சம்?

ரேம்ப் கிராணி:

தம்பி, எல்லாம் சரி. ஆனால் அன்று காலை ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் இதெல்லாம் யார் சொன்னார்கள்? நான் உங்களிடம் யோசனை கேட்கவும் இல்லை. அந்த ஆளின் முகத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உங்கள் தகவலுக்காக: இப்போது வேறு கம்பெனி. தூரத்திலிருந்து உள்ளே வர வேண்டுமானால் முதலில் எனக்கு வாட்சப்பில் செய்தி வரும், நான் சரி என்றால்தான் வருவார்கள். எல்லா பாஸ்வேர்டும் ஒரு உறையில் போட்டு தவுக்கேயின் இரும்புப் பெட்டியில். பில்லை இணையம் வழியாக வரி இலாகாவுக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் எங்களுக்கு 2025 ஜூலை 1-லிருந்து கட்டாயம், அதனால் நெட் இல்லாமல் நாலு நாள் ஓட்டலாம் என்ற காலம் போய்விட்டது. சிட்டையும் கார்பன் தாளும் மட்டும் இன்னும் வாங்கி வைக்கிறோம், பெரிய கிராணி விடமாட்டேன் என்கிறார்.

கிளினிக் கவுன்டர்:

இடி விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் மத்தியானம் இடித்தால் ஏதாவது ஒன்று போகிறது. போன மழையில் எங்கள் சுவிட்ச் போனது. யூபிஎஸ் இருந்தும் போனது.

ஈப்போ கேபிள் பையன்:

அக்கா, யூபிஎஸ் கரண்டு வழியாக வருவதைத்தான் தடுக்கும். கேமராவுக்குக் கட்டிடத்துக்கு வெளியே ஓடும் கேபிள் இருக்கிறதா? இடி அது வழியாக வந்திருக்கும். அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றினால் போதும், ஃபைபரில் மின்சாரம் ஓடாது. (நீங்கள்தான் கேட்டீர்கள், ரேம்ப் அண்ணன் திட்டக் கூடாது.)

லிந்தாங் சாலை மளிகை:

இன்று ஈப்போ கம்பெனியிலிருந்து கொட்டேஷன் வந்தது. இரவு பத்து வரை கண்காணிப்பு, வளையமானால் மூடிக்கொள்ளும் சுவிட்ச், இரண்டும் சேர்த்து. மாதக் கட்டணம் கிட்டத்தட்ட பாதி மடங்கு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இதில் சேருமா என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்கிறார்களாம்.