டீக்கடை சிகரெட்: ஆலோசனை எங்கே சறுக்குகிறது?

வடபழனி மாணவி: ஊக்க நேர்காணல் (மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே வரவைக்கும் ஆலோசனை முறை) பழகுகிறேன். "சிகரெட்டை விடுவது 0 முதல் 10க்குள் எவ்வளவு முக்கியம்?" என்று புகைப்பவர்களிடம் கேட்டால் "4" என்கிறார்கள். "ஏன் 8 இல்லை?" என்றதும் சாக்குகள்தான் கொட்டுகின்றன. தப்பு எங்கே?

கீழ்ப்பாக்கம் ஆலோசகர்: கேள்வியே தலைகீழ். "2 சொல்லாம ஏன் 4 சொன்னீங்க?" என்று கேளுங்கள். "நாத்தம்னு புள்ள கிட்டயே வரமாட்டேங்குது" என்று காரணம் அவர் வாயாலேயே வரும். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு சும்மா இருங்கள். அறிவுரையில் இறங்கினால் மறுபடி மல்லுக்கட்டுதான்.

பழைய பேட்ச்: உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இந்த முறையை எழுதியதே குடிப்பழக்கத்துக்காகத்தான். அனுமதி வாங்கிப் பேச்சைப் பதிவு செய்து, 20 நிமிடம் எண்ணிப் பாருங்கள்: ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பாவது (அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது) வேண்டும்.

அடையாறு: அவர் "குறைச்சுக்கிறேன்" என்றால் அது திட்டமே இல்லை. "டீ கைக்கு வந்ததும் சோம்பை வாயில் போடுவேன்", இது திட்டம்.