டர்போ செடானை விட்டு ஹாட் ஹேட்ச்: இரண்டில் எது?

என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் டர்போ, ஆல் வீல் டிரைவ், மேனுவல் செடான். ஓட்ட அவ்வளவு பிடிக்கும். ஆனால் பெட்ரோல், டயர், காப்பீடு மூன்றும் கட்டுப்படியாகவில்லை. பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறாமல் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். டயர் காற்று, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்தாச்சு. நகரத்துக்குள் மைலேஜ் அசையவில்லை.

சரி, மாற்றிவிடலாம் என்று இரண்டு பழைய ஹாட் ஹேட்ச்களை (வேகமாக ஓடும் சின்ன ஹேட்ச்பேக் கார்கள்) ஓட்டிப் பார்த்தேன். 2018 சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 1.4 டர்போ, 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கீழே. வளைவில் அப்படியே திரும்புகிறது. நெடுஞ்சாலையில் முந்தும்போதுதான் பழைய வேகம் இல்லை. அப்புறம் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி: 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 200 குதிரைத்திறன். இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஸ்டீயரிங் கையை இழுக்கிறது. இருந்தாலும் மனசு அதில்தான் நிற்கிறது.

தினமும் நகர ஓட்டம், வார இறுதியில் மலைப்பாதை. இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: செலவு குறைந்து, ஓட்டும் ஆசையும் குறையாமல் இருக்க இந்த இரண்டில் எதை எடுக்கலாம்?