லம்டா சரி, ஆனால் 3ஆம் சிலிண்டர் மட்டும் ஏன் கொதிக்குது? – ஈஜிடி அனுபவங்கள்

கல்லடி கிளான்சா

டொயோட்டா கிளான்சா ஈபி91, 4ஈ-எஃப்டிஈ டேர்போ எஞ்சின், 1.0 பார் பூஸ்ட் (டேர்போ தள்ளுற கூடுதல் காத்தழுத்தம்), ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூ (எஞ்சினை ஆளுற கணினி). ஈஜிடி (வெளியேறுற புகையின் சூடு) பார்க்க, நாலு ரன்னரிலும் (சிலிண்டருக்கு ஒன்றான புகைக்குழாய்) கே வகை தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற புரோப்). மூன்றாம் கியர், முழு மிதி. லம்டா (காத்து–பெற்றோல் அளவு; 1 என்றால் சரிசமம், அதுக்குக் கீழ என்றால் பெற்றோல் கூட) 0.80இல் ஆணி அடிச்ச மாதிரி நிற்குது. 4,500 ஆர்பிஎம் தாண்டினதும் 1, 2, 4 மூன்றும் 850–860 பாகையில் இருக்க, 3 மட்டும் தனியக் கழன்று 915க்குப் போகுது. லம்டா அசையவே இல்லை. அந்த ரெண்டு செக்கன்தான் இன்னும் உறுத்துது.

கணக்கு லேசு. லம்டா சென்சர் டேர்போவுக்குப் பின்னால, நாலு சிலிண்டரின் புகையும் கலக்கிற இடத்தில் இருக்கு. ஒரு சிலிண்டருக்கு 8 வீதம் பெற்றோல் குறைந்தால் மொத்தத்தில் குறைவது 2 வீதம். ஈசியூ அதையும் நாலுக்கும் பகிர்ந்து ஊற்றிச் சரிக்கட்டும். திரையில் 0.80. உள்ளே 3 மட்டும் 0.85 தாண்டி எரியும், மற்ற மூன்றும் தேவைக்கு மேல குடிக்கும்.

2ஆம் 3ஆம் இன்ஜெக்டரை மாறிப் போட்டதும் சூடு 2க்குப் போய்விட்டது. பிழை இன்ஜெக்டரில்தான். அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

ஏறாவூர் இஜே20

எல்லாரும் கூடின இலக்கத்தைத்தான் பார்க்கிறீங்க. குறைஞ்சதுக்கும் பயப்பட வேணும்.

சுபாரு இஜே20 டேர்போ எஞ்சின் ஒன்று. 4ஆம் சிலிண்டர் மற்றதுகளை விட 80 பாகை குறைவு. இஜேயில் பிஸ்டன் உடையிறதுக்குப் பேர்போனது அந்த 4தான், அதனால "நல்லாக் குளிர்ச்சியா இருக்கே" என்று விட்டாச்சு. உண்மையில் பூஸ்ட் ஏறினதும் 4இல் தீப்பொறி அணையுது. பிளக் கெப் (தீப்பொறி பாயிற இடைவெளி) 1.1 மிமீ, கொயிலும் கிழடு. எரியாத சிலிண்டர் ஒட்சிசனை அப்படியே வெளிய தள்ளும். லம்டா அதை "பெற்றோல் போதாது" என்று வாசிக்கும். ஈசியூ இன்னும் ஊற்றும். கடைசியில் 1, 2, 3 மூன்றின் பிளக்கும் கரி.

கெப்பை 0.7க்குக் குறைச்சு, கொயில் மாற்றினதும் 4 மற்றதோட வந்து சேர்ந்திட்டு.

பெற்றோலில் லம்டா 1க்குக் கிட்டத்தான் புகைச் சூடு உச்சம். அதுக்கு எந்தப் பக்கம் போனாலும் குறையும். ஆகவே குறைந்த இலக்கம் கூடின பெற்றோலாகவும் இருக்கலாம், மிகக் குறைந்த பெற்றோலாகவும் இருக்கலாம், தீயே இல்லாமலும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் ஈஜிடியை மட்டும் நம்பக் கூடாது.

வாழைச்சேனை வயர்

அதுக்கு முதல் ஒரு கேள்வி. அந்த 915 உண்மையில் 915தானா?

நான் கண்ட கிட்டில் பாதி, புரோப் நல்லது, வயர் சாதாரண செப்பு. கே வகைக்கு கே வகை நீட்டிப்பு வயர்தான் மொடியூல் (புரோபை வாசிக்கிற பெட்டி) வரைக்கும் போக வேணும். செப்பு வயரைத் தொடுத்த இடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் 90 பாகை, மொடியூல் டாஷ்போர்டுக்குள்ள 40 பாகை என்று வைங்க. வாசிப்பு 50 பாகை குறைவாக் காட்டும். நாலு தொடுப்பும் நாலு சூட்டில் இருந்தால் நாலும் நாலு பொய். டேர்போவுக்குக் கிட்ட இருக்கிற தொடுப்பு இன்னும் பெரிய பொய் சொல்லும்.

நிறமும் ஆளை ஏமாற்றும். அமெரிக்க வயரில் மஞ்சள்தான் பொசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். ஐரோப்பிய வயரில் பச்சை பொசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சிவப்பைக் கண்டதும் பொசிட்டிவ் என்று கொளுவினால், சூடு ஏற ஏற இலக்கம் இறங்கும். அது உடனே தெரியும். நீட்டிப்பு வயரை ரெண்டு முனையிலும் பிழையாக் கொளுவினால்தான் ஆபத்து: இலக்கம் ஏறும் இறங்கும், ஆனால் தொடுப்புக்கும் மொடியூலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தின் இரட்டிப்பு பிழையா வரும். நிறம் மங்கிப் போனால் காந்தத்தைப் பிடியுங்க. ஒட்டுகிற கம்பி அலுமெல் என்ற கலப்புலோகம், அதுதான் நெகட்டிவ்.

மொடியூலில் மேக்ஸ்6675 சிப் போட்டிருந்தால் 1,024 பாகையில் கூரை முட்டும். மேக்ஸ்31855க்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நுனி உறையோட ஒட்டின புரோப் போட்டால் ஃபோல்ட் (கோளாறு) காட்டும், ஒட்டாததுதான் வேணும்.

நாலு நுனியையும் ஒரே கேத்தலில் கொதிக்கிற தண்ணிக்குள்ள விடுங்க. நம்மட ஊர் கடல் மட்டம், 100 பாகைதான். சாதாரண தர புரோபுக்கு 2.2 பாகை வித்தியாசம் அனுமதி. 900 பாகையில் அதே புரோப் 0.75 வீதம், கிட்டத்தட்ட 7 பாகை விலகலாம். அதுக்குள்ள இருக்கிற வித்தியாசத்துக்கு யாரும் டியூன் பண்ண வெளிக்கிட வேணாம்.

கல்லடி கிளான்சா

வயர் அண்ணன், இன்ஜெக்டரை மாற்றினதும் சூடு 2க்குப் போனது என்று மேல எழுதியிருக்கு. வயர் பொய் சொல்லியிருந்தால் 3இலேயே நின்றிருக்கும்.

வாழைச்சேனை வயர்

ஓம், அது சரி. வித்தியாசம் உண்மை. 915 உண்மையா என்பது வேற கதை. கேத்தலை வைங்க.

சாய்ந்தமருது லேத்

யாரும் கேட்கல்ல, இருந்தாலும் சொல்றன். நுனி உடைஞ்ச கதையை ஒருத்தரும் எழுதல்ல. டேர்போ கழற்றினால், டேர்பைன் இறக்கையின் ஓரம் முழுக்க எலி கரம்பின மாதிரி. புரோபில் கடைசி 10 மிமீ இல்லை. எங்க போச்சு என்று தேடத் தேவையில்லை.

மெனிஃபோல்ட்டைக் கழற்றாமல் துளைக்காதீங்க. கிறீஸ் பூசின துளையூசி இரும்புத் தூளைப் பிடிக்கும் என்பாங்க. பிடிக்கும், மிச்சத்தை டேர்போ பிடிக்கும். ஹெட் முகத்தில இருந்து 40 மிமீ தள்ளி அடையாளம் போடுங்க. 25க்கும் 50க்கும் இடையில எங்கயும் போடலாம், நாலுக்கும் ஒரே தூரமா இருந்தால் காணும். ஒன்று 30, மற்றது 60 என்றால் அந்த வித்தியாசத்தை சிலிண்டரின் தலையில கட்டுவீங்க. ரன்னர் வளைவின் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்றாலும் அதே வில்லங்கம்தான்.

வார்ப்பிரும்பு என்றால் 8.5 மிமீ துளை, 1/8 என்பிடி டெப் (புரி வெட்டி). அது கூம்புப் புரி, முழுக்க இறக்காதீங்க. பொருத்தி பாதியில் இறுக வேணும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வார்ப்பு வெடிக்கும். ஸ்டெயின்லஸ் குழாய் மெல்லிசு, புரி நிற்காது, பங் (புரி வெட்டின தடிச்ச வளையம்) வைச்சு ஆர்கன் வெல்டிங்தான். நிக்கல் அன்டிசீஸ் (புரி இறுகிப் பிடிக்காமல் காக்கிற பசை) கொஞ்சம் பூசுங்க, செப்புப் பசையை விட அது கூடின சூட்டைத் தாங்கும்.

நுனி குழாயின் நடுவுக்குப் போனால் போதும். எதிர்ச் சுவரைத் தொடக் கூடாது. 3 மிமீ இன்கோனெல் உறை, மூடின நுனி எடுங்க. திறந்த நுனி வேகமா வாசிக்கும், ஆனால் டேர்போவுக்கு முன்னால அது கனகாலம் நிற்காது. வயரை எஞ்சினோட கட்டுங்க, காரின் பொடியோட கட்டினால் எஞ்சின் ஆடுற ஆட்டத்துக்கு உறை கழுத்தில களைச்சு முறியும். ஒரு சாண் தளர்வு விடுங்க. கடற்கரைப் பக்கம் ஓடுற வாகனம் என்றால் கனெக்டருக்கு உப்புக் காத்துப் படாமல் மூடுங்க, பச்சை பிடிச்சால் இலக்கம் துள்ளும்.

அம்பாறை ஏ5

நாலும் சேர்ந்து ஏறுறது வேற நோய். செங்கலடியில இருந்து மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம். கச்சான் காத்து அடிக்கிற நேரம். உள்ளிழுக்கிற காத்தே 65 பாகை. ஈசியூ தீப்பொறியை 4 பாகை (சூடு இல்ல, கிராங்க் சுழலுற கோணம்) பின்னுக்கு இழுத்திட்டு, நாலும் ஒன்றாக 940க்கு ஏறிட்டு. பிந்தி எரிஞ்சால் வெளியேற்று வால்வு திறக்கிற நேரமும் தீ அணையாது, சூடு பிஸ்டனைத் தள்ளாமல் மெனிஃபோல்ட்டுக்குப் போகும். அந்த இடத்தில பெற்றோல் கூட்டி ஒளிக்கிறதை விட, உள்ள போற காத்தைக் குளிராக்கிற இன்டர்கூலரைப் பாருங்க. 95 ஒக்டேனுக்குப் பதிலா 92 ஊற்றினாலும், நொக் சென்சர் (எஞ்சின் தட்டுறதைப் பிடிக்கிறது) இருந்தால் இதே கதைதான்.

சிலிண்டர் டிரிம் (சிலிண்டருக்குத் தனித்தனியாப் பெற்றோல் கூட்டிக் குறைக்கிறது) போடப் போறவங்களுக்கு: கேம் சென்சரும், சிலிண்டர் முறைக்கு ஒவ்வொன்றாத் தெளிக்கிற சீக்வென்ஷியல் இன்ஜெக்‌ஷனும் இல்லாமல் அது நடக்காது. இருந்தால் ஒரு தடவைக்கு 2 வீதத்துக்கு மேல போடாதீங்க. 20, 30 பாகை வித்தியாசத்தை அப்படியே விடுங்க. அழுக்கு இன்ஜெக்டருக்கு டிரிம் போட்டால், கழுவின அன்றைக்கு அந்தச் சிலிண்டர் மூழ்கும்.

கிளான்சா தம்பி, அந்த இன்ஜெக்டரின் வாயில இருக்கிற சின்னக் கூடை வடியை எடுத்துப் பார்த்தீங்களா? என்ன நிறம்?

கல்லடி கிளான்சா

எடுத்தாச்சு. செங்கட்டி நிறம், டாங்கித் துரு. கழுவி 3 பார் அழுத்தத்தில 60 செக்கன் அளந்தால் மற்றதோட 2 வீதத்துக்குள்ள வந்திட்டு. கேத்தலும் வைச்சாச்சு வயர் அண்ணன், 99, 100, 100, 101.

மறுகா 4ஆம் கூடையையும் எடுத்துப் பார்த்தது. அதிலயும் தொடங்கியிருக்கு.